நீலம் தெரியும்வரை காத்திருக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் உதடும் விரலும் நீலமாகும், உடனே மருத்துவரிடம் போங்கள் என்று உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சரிதான், ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறீர்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்த நீலம் எளிதில் தெரியாது, சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல்தான் இருக்கும். அம்மாவுக்கு நிமோனியா வந்தபோது நிறம் மாறவில்லையே என்று முகத்தையே பார்த்துக்கொண்டு தைரியமாக இருந்துவிட்டோம். நாக்கை நீட்டச் சொன்ன செவிலியர்தான் அதில் ஊதா பாய்ந்திருப்பதைக் காட்டினார். ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியில் 82 சதவீதம்தான் இருந்தது.

குளிரில் விரல் நீலமாவது வேறு விஷயம். அங்கே ரத்தக்குழாய் சுருங்கி ஓட்டம் மெதுவாகிறது, சூடுபட்டால் நிறம் திரும்பிவிடும், நாக்கு சிவப்பாகவே இருக்கும். நாக்கே நீலமானால் பெரும்பாலும் நுரையீரலிலோ இதயத்திலோ கோளாறு. அப்புறம் ரத்தசோகை உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் நன்றாகக் குறைந்தும் நீலமே வராமல் போகலாம், ஏனென்றால் அந்த நிறத்தைத் தருவதே ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின், ஹீமோகுளோபினோ அவர்கள் உடம்பில் ஏற்கெனவே குறைவு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர்கூட கறுப்புத் தோலில் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளிவந்தது. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, நாக்கையும் உதட்டின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லி, கறுப்புத் தோலில் எடுத்த படங்களையும் சேர்த்துப் போடுங்கள். மூச்சு வாங்கினால் நிறத்துக்காகக் காத்திருக்கவே வேண்டாம் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.