விண்ணப்பத்துக்கு முன் மூன்று தளங்கள்

அன்புள்ள மகனுக்கு,

இணையதளங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து மனிதர்களே தொகுக்கிற பட்டியலான வலை டைரக்டரியில் தன்னார்வ எடிட்டராகச் சேரப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. எந்தப் பிரிவைக் கேட்பது என்று குழப்பமாக இருக்கிறது என்றாயே, அதிலிருந்தே தொடங்குகிறேன். பல விண்ணப்பங்கள் கவிழ்வது அந்த இடத்தில்தான்.

சின்னப் பிரிவாகக் கேள். விவசாயம், உடல்நலம், கணினி என்று அடிமரத்தில் கை வைக்காதே. உனக்குத் தேனீ வளர்ப்பு தெரியும். அதற்குள்ளும் ராணித் தேனீ வளர்ப்பு, தேனீ நோய்கள் என்று நுனிக்கிளைகள் இருக்கும். நூறு தளங்களுக்குள் இருக்கிற ஒரு கிளையைத் தேர்ந்தெடு. விண்ணப்பத்தைப் படிக்கிற மூத்த எடிட்டர்களுக்கு உன்னைத் தெரியாது. நீ எழுதி அனுப்புகிற இரண்டு மூன்று மாதிரித் தளங்கள்தான் அவர்களுக்கு நீ. அவை அந்தப் பிரிவில் ஏற்கெனவே இருக்கக் கூடாது, அந்தப் பிரிவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும், மூன்றுமே ஒரே ஆளுடைய தளங்களாக இருக்கக் கூடாது. எழுத்துப்பிழை ஒன்றுகூட வேண்டாம். உனக்கோ உன் நண்பர்களுக்கோ தொடர்புள்ள தளங்கள் இருந்தால், எத்தனை இருந்தாலும், முதலிலேயே சொல்லிவிடு. சொன்னதற்காக யாரையும் தள்ளுவதில்லை, மறைத்தது பின்னால் தெரிந்தால் எடிட்டர் கணக்கே போய்விடும். முதல் தடவை மறுத்தாலும் சோர்ந்துவிடாதே. மறுப்புக் கடிதத்தில் காரணம் சொல்லியிருந்தால் அதைத் திருத்திக்கொண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம்.

இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் விதிகளின் காரணமும் புரியும். 1998 இல் ரிச் ஸ்க்ரென்டாவும் பாப் ட்ரூயலும் 'நூஹூ' என்ற டைரக்டரியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு இணைய உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப் அதை வாங்கியது. 'ஓப்பன் டைரக்டரி புராஜெக்ட்' என்றும் 'டிமாஸ்' என்றும் உலகம் அறிந்தது அதைத்தான். அன்றைக்குப் புகழின் உச்சியில் இருந்த யாஹூ டைரக்டரியில் சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தொகுத்தார்கள். பின்னாளில் வணிகத் தளங்களைப் பரிசீலிக்கவே ஆண்டுக்கு 299 டாலர் கட்டணம் என்றானது. டிமாஸில் தளங்களைச் சேர்க்கக் கட்டணம் இல்லை, தன்னார்வ எடிட்டர்களுக்குச் சம்பளமும் இல்லை. தரவு முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டார்கள். கூகுளே 2000 முதல் 2011 வரை அதை வைத்துத் தன் டைரக்டரியை நடத்தியது. யாஹூ டைரக்டரி 2014 இன் இறுதியில் நின்றது. டிமாஸ் 2017 மார்ச் 17 அன்று மூடப்பட்டது. அதன் எடிட்டர்களே அந்தத் தொகுப்பை 'கர்லி' என்ற பெயரில் தொடர்ந்து காப்பாற்றி வருகிறார்கள்.

காசு இல்லை என்பதை நன்றாக மனதில் வை. தளம் நடத்துகிறவருக்கு நீ சேவை செய்யவில்லை, தேடி வருகிற ஆளுக்குச் செய்கிறாய். "மூன்று மாதமாக என் தளம் வரிசையில் நிற்கிறது" என்று ஒருவர் கோபப்பட்டால், அவருடைய கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனாலும் தங்கள் தளத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்புகிற பரிந்துரைகளை வந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும் என்று கடமை கிடையாது. நல்ல தளங்களை நீயே தேடிக் கண்டுபிடித்துச் சேர்ப்பதுதான் முதல் வேலை, பரிந்துரை வரிசை அதற்கு உதவுகிற ஒரு வழி மட்டுமே. வரிசையை மட்டுமே நம்பியிருந்தால் விளம்பரம் செய்யத் தெரிந்தவர்களின் தளங்கள்தான் உன் பிரிவில் நிறையும். நாற்பது வருட அனுபவத்தை எழுதி வைத்துவிட்டு எங்கும் பரிந்துரைக்காமல் இருக்கிற முதியவரின் தளம் வெளியிலேயே நின்றுவிடும்.

தளத்தைப் பரிசீலிக்கும்போது முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. உள்ளே நான்கைந்து பக்கங்களாவது திற. விளம்பரங்களையும் வெளியே போகிற லிங்குகளையும் மனதுக்குள் அழித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார். ஒன்றும் மிஞ்சாவிட்டால் அது கமிஷனுக்காக நடக்கும் தளம், எடுக்காதே. "வாங்க" பொத்தான்களின் மேல் மவுஸ் அம்பை நிறுத்தி முகவரியைப் படித்தால், கமிஷன் யாருக்குப் போக வேண்டும் என்று காட்டுகிற எண் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். அடுத்து, உள்பக்கம் ஒன்றிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடு. அதே வாக்கியம் பத்து தளங்களில் வந்தால் எது மூலம் என்று கண்டுபிடி. அதைச் சேர்த்துக்கொள், நகல்களை விட்டுவிடு. யார் நடத்துகிறார்கள், எப்படித் தொடர்புகொள்வது என்று எழுதியிருக்கிறார்களா என்றும் பார், நோய்க்கு மருந்து சொல்கிற தளங்களில் முக்கியமாக. 'விரைவில் வருகிறது' என்று பாதிப் பக்கங்கள் காலியாக இருந்தால் இப்போதைக்கு வேண்டாம்.

தோற்றத்தைப் பார்த்து ஏமாறாதே, கண்ணா. மங்கலான பின்னணியும் பழைய எழுத்துருவுமாக இருக்கிற தளத்தில் வேறெங்கும் கிடைக்காத அளவீடுகள் இருக்கும். பளபளக்கிற தளத்தில் பத்து பத்திகள் காற்றாக இருக்கும்.

இனி விவரணை, அதாவது பட்டியலில் தளத்தின் தலைப்போடு வருகிற குறிப்பு. இதற்கு நிறைய நேரம் கொடு, எடிட்டரின் கைத்திறன் இங்கேதான் தெரியும். தலைப்பு என்பது தளத்தின் சொந்தப் பெயர், அவ்வளவுதான். அதில் ஊர்ப்பட்ட தேடுசொற்களைச் சேர்த்து அனுப்புவார்கள், வெட்டிவிடு. விவரணை ஒன்றிரண்டு வரி. பரிந்துரையில் இப்படி வரும்: "உலகின் தலைசிறந்த தேனீ வளர்ப்புத் தளம்! எங்களிடம் இல்லாததே இல்லை. இன்றே வாருங்கள்!" இதில் தளத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு சொல்கூட இல்லை, கவனித்தாயா? உள்ளே போய்ப் பார்த்துவிட்டு நீ எழுத வேண்டியது: "அடுக்குப் பெட்டி அமைத்தல், ராணித் தேனீ வளர்த்தல், வரோவா உண்ணியைக் கட்டுப்படுத்தல் பற்றிய படவிளக்கக் கட்டுரைகள், மாதவாரிப் பணி அட்டவணை." எழுதியதும் மூன்று சோதனை செய். "நாங்கள்", "உங்கள்" இருக்கிறதா? எடு. "சிறந்த", "முழுமையான", "தனித்துவமான" மாதிரி அடைமொழி இருக்கிறதா? அதையும் எடு. தலைப்பிலோ பிரிவின் பெயரிலோ இருக்கிற சொல் திரும்ப வருகிறதா? தேனீ வளர்ப்புப் பிரிவுக்குள் வந்தவரிடம் "தேனீ வளர்ப்பு பற்றிய தளம்" என்று சொல்வதில் பயன் இல்லை. பக்கத்திலிருக்கும் தளத்திலிருந்து இந்தத் தளம் எதில் வேறுபடுகிறது என்பதைத்தான் வாசகர் தேடுகிறார். மாறிக்கொண்டே இருக்கிற எண்களை, "327 கட்டுரைகள்" என்பது போல, எழுதாதே. அடுத்த மாதமே பொய்யாகிவிடும்.

முகவரியையும் சுத்தம் செய்துதான் சேர்க்க வேண்டும். யார் எங்கிருந்து வந்தார் என்று கவனிக்க ஒட்டி வருகிற கண்காணிப்புக் குறிகளையும், ஒவ்வொரு வருகைக்கும் மாறுகிற அமர்வு எண்களையும் நீக்கு. அது வேறு முகவரிக்குத் திருப்பி விடுகிறதா என்று பார்த்து, கடைசியில் நிற்கிற முகவரியைப் பதிவு செய். ஒரே தளம் நான்கு பெயர்களில் பரிந்துரையாக வந்திருக்கலாம், நான்கையும் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் புது எடிட்டர்கள் தடுமாறுவார்கள். தேன் விற்கிற கடையின் தளம் வணிகக் கிளைக்குப் போக வேண்டும், தேனீ வளர்ப்புக்கு அல்ல. ஒரு வட்டாரத்துச் சங்கம் தன் கூட்ட நாட்களை மட்டும் போட்டிருந்தால் அது அந்த வட்டாரக் கிளைக்குரியது. அதே சங்கம் எல்லோருக்கும் பயன்படுகிற பாடங்களையும் வைத்திருந்தால் மட்டுமே பொருள்வாரிக் கிளையிலும் சேர்க்க இடம் உண்டு. தளம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழிக்கான கிளையில் வை. இரண்டு மொழியில் முழுமையாக இருந்தால் இரண்டிலும் வைக்கலாம், அந்தந்த மொழியில் விவரணை எழுத வேண்டும். தவறான பிரிவுக்கு வந்த பரிந்துரையை அழிக்காதே, சரியான பிரிவின் வரிசைக்கு நகர்த்திவிடு. அந்தப் பொருள் தெரிந்த எடிட்டர் பார்த்துக்கொள்வார். பிரிவின் தொடக்கத்தில் எல்லை வரையறை எழுதியிருக்கும், முதல் நாளே அதை இரண்டு தடவை படி.

உட்பிரிவு உருவாக்க ஆசை வரும். மூன்று தளத்துக்கு ஒரு உட்பிரிவு என்று ஆரம்பித்தால் வாசகர் ஒவ்வொரு படியாக இறங்கிக் கடைசியில் ஏறக்குறையக் காலியான அறைக்குள் நிற்பார். ஒரே தன்மையுள்ள தளங்கள் கணிசமாகச் சேர்ந்து, பட்டியலை மேலிருந்து கீழே படிக்கவே சிரமமாகிறபோது பிரித்தால் போதும். பிரிக்கும் முன் மேல்பிரிவின் எடிட்டரைக் கேள்.

திறக்காமல் போன செத்த லிங்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அவசரத்தில் தவறு செய்கிற இடம் அது. டிமாஸ் காலத்தில் 'ரோபோஸில்லா' என்ற நிரல் லிங்குகளைச் சோதித்துப் பிழை வந்தவற்றுக்குக் குறி வைத்தது. அப்படி ஒரு குறி வந்ததும் அழித்துவிடாதே, பிழை எண்ணைப் பார். 503 என்றால் தளத்தை வைத்திருக்கிற கணினி (வழங்கி) தற்காலிகமாகத் தடுமாறுகிறது, சில நாள் கழித்துப் பார். 404 என்றால் பக்கம் அங்கே இல்லை. ஆனால் தளமே இடம் மாறியிருக்கலாம், தளத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் புது முகவரி கிடைக்கும். 410 என்றால் வேண்டுமென்றே நீக்கியிருக்கிறார்கள். தளத்தின் முகவரியே திறக்கவில்லை என்றால் அந்த முகவரிப் பெயரின் பதிவைப் புதுப்பிக்க மறந்திருக்கலாம், அதனால் பட்டியலிலிருந்து எடுத்துக் காத்திருப்பு வரிசையில் வைத்து மறுபடி சோதி. இவற்றைவிட ஆபத்தானது நிரல் கண்ணுக்குத் தெரியாதது. காலாவதியான பெயரை வேறொருவர் வாங்கிச் சூதாட்டமோ கடன் விளம்பரமோ போட்டிருப்பார். நிரலுக்கு அது 200 என்று நல்ல பதிலையே தரும். மனிதக் கண் பட்டால்தான் தெரியும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பிரிவில் உள்ள எல்லாத் தளத்தையும் கையால் திறந்து பார். சந்தேகம் வந்தால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய வடிவத்தோடு ஒப்பிடு.

உன் சொந்தக் கருத்தை விவரணைக்குள் விடாதே. தேனீக்களைத் தாக்குகிற வரோவா உண்ணிக்கு அமிலச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள், எந்தச் சிகிச்சையும் கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். உனக்கு எந்தப் பக்கம் சரியென்று தோன்றினாலும் இரு தரப்பின் நல்ல தளங்களும் பட்டியலில் இருக்க வேண்டும், ஒரே அளவு மரியாதையான சொற்களில். உன் நண்பரின் தளத்தைச் சேர்க்கலாம், மற்றவற்றுக்கு வைத்த அதே அளவுகோலை வைத்து. போட்டியாளர் தளத்தை நீக்குவது, விவரணையை மங்கலாக எழுதுவது, சேர்ப்பதற்குப் பணமோ பொருளோ வாங்குவது, இவற்றுக்கு மன்னிப்பே கிடையாது. எல்லாத் திருத்தமும் பதிவாகிறது, சக எடிட்டர்கள் பார்ப்பார்கள்.

நிராகரிக்கும்போது குறிப்புப் பெட்டியில் காரணத்தை எழுது. "வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் அடுத்த எடிட்டர் அதே தளத்தை முதலிலிருந்து பரிசீலிக்க வேண்டிவரும். "கட்டுரைகள் ஆறும் வேறு தளத்திலிருந்து எடுத்தவை, மூலம் ஏற்கெனவே பட்டியலில் உள்ளது" என்பதுதான் உதவும் குறிப்பு. தளக்காரருக்குச் சொந்த மின்னஞ்சலிலிருந்து பதில் எழுதாதே. வாதம் முற்றினால் உன் வீட்டுவரை வரும்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் சின்னப் பிரிவுக்குப் போதும். ஒரே மூச்சில் ஐம்பது தளம் பார்க்காதே. பதினைந்துக்கு மேல் போனால் விவரணைகள் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிடும். அடியோடு விட்டும்விடாதே. நான்கு மாதம் ஒரு திருத்தமும் செய்யாவிட்டால் கணக்கு முடங்கும் என்பது டிமாஸ் காலத்து விதி. நீ சேருகிற இடத்தில் கெடு எவ்வளவு என்று கேட்டுக் குறித்து வைத்துக்கொள்.

விண்ணப்பத்தை அனுப்பும் முன் அந்த மூன்று விவரணைகளையும் எனக்கு அனுப்பு. தளங்களின் முகவரியும் சேர்த்து அனுப்பு, உள்ளே போய்ப் பார்க்காமல் என்னால் திருத்த முடியாது.

அன்புடன்,
அம்மா