நம்பாமலும் மறுக்காமலும் வேதாகமம் படித்தல்

ஆசிரியர் அவர்களுக்கு,

சைவப் பிள்ளைகளின் கைகளில் கிறிஸ்தவர்களின் வேதாகமம் இருப்பதைக் கண்டித்து அண்மையில் தங்கள் வாசகர் பகுதியில் வெளியான கடிதத்தைப் படித்தேன். அதை எழுதிய அன்பரின் கவலையை நான் ஏளனம் செய்யவில்லை. ஆயினும், வேதாகமத்தைப் படிப்பவர் ஒன்றில் அதை நம்புகிறார், அல்லது நம்புவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறார் என்று அவர் கொண்டிருக்கும் முடிவு எனக்கு உடன்பாடானதன்று. வெள்ளவத்தையில் வசிக்கும் சைவனாகிய நான், அறிய வேண்டும் என்ற ஆவல் ஒன்றினாலேயே அந்நூலைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். திருநீறு பூசுவதையோ வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதையோ அது தடுத்ததில்லை. குற்றம் பிடிப்பதற்காகவும் நான் அதைத் திறந்ததில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வாசிப்பு ஒன்று உண்டு என்பதை நம்மவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

இதில் ஒரு விந்தையும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குப் போய்ப் பாருங்கள். நேர்த்தி வைத்து மெழுகுதிரி ஏற்றுவோரில் சைவர்கள் எத்தனையோ பேர்; குங்குமப் பொட்டோடு வரிசையில் நிற்கும் அவர்களை எவரும் 'வேதத்துக்குப் போய்விட்டார்கள்', அதாவது மதம் மாறிவிட்டார்கள் என்று சொல்வதில்லை. கண்கலங்கி வேண்டிக்கொள்வது வழிபாடு. வீட்டில் விளக்கடியில் இருந்து, இயேசுவின் வாழ்வைச் சொல்லும் மாற்கு நற்செய்தியைப் புரட்டுவது வெறும் வாசிப்பு. வழிபாட்டைப் பொறுத்துக்கொள்ளும் நாம் வாசிப்பைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

அச்சத்துக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஒல்லாந்தர் ஆட்சியில் அரச பதவியை விரும்பியவர் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டியிருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலக் கல்வியைத் தேடியவர் பெரும்பாலும் மிஷன் பாடசாலையின் வாசலையே மிதிக்க நேர்ந்தது. வேதாகமத்தின் பிற்பகுதியாகிய புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பொன்று 1759 இல் இதே கொழும்பில் அச்சானபோது, அச்சகமும் ஆட்சியும் ஒருவர் கையிலேயே இருந்தன. நூலும் அதிகாரமும் ஒரே கப்பலில் வந்திறங்கிய நாட்டில், நூலைத் தொட்டவர் மேல் சந்தேகம் விழுந்தது இயல்பே.

ஆனால் அதே வரலாற்றில் ஆறுமுக நாவலரும் இருக்கிறார். 1822 இல் நல்லூரில் பிறந்த அவர், யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, 1850 இல் வெளியான தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புக்காகப் பாதிரியாரோடு அமர்ந்து வேலை செய்தவர். இவ்வளவு நெருக்கமாக அந்நூலோடு பழகிய சைவர் அவருக்கு முன்னர் இருந்திருப்பாரோ என்பது ஐயமே. படித்தால் மாறிவிடுவார்கள் என்பது உண்மையானால் முதலில் மாறியிருக்க வேண்டியவர் நாவலர். அவரோ 1847 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்.

நாவலர் அந்நூலை எவ்வாறு படித்தார் என்பது 1854 இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் என்ற நூலில் தெரிகிறது. ஆலயமும் அபிடேகமும் தூபதீபமும் நைவேத்தியமும் அஞ்ஞானம் என்று மிஷனரிமார் பழித்தபோது, அவற்றையொத்த கிரியைகள் எல்லாம் உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே விதிக்கப்பட்டிருக்கின்றனவே என்று அதிகாரமும் வசனமும் காட்டி அவர் வாதிட்டார். அந்த வாதம் நேர்த்தியானது. காந்தியடிகள் இலண்டனில் வேதாகமத்தைப் படித்தபோது, ஆதியாகமத்தை அடுத்து வந்த பகுதிகள் தமக்கு நித்திரையையே வரவழைத்தன என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆகமமுறைக் கோயில் ஒன்றின் அருகில் வளர்ந்தவருக்கு அப்படி நித்திரை வராது. எந்தப் பலிக்கு எந்த மா, எவ்வளவு எண்ணெய், குரு எப்போது நீராட வேண்டும், எந்தத் தீட்டுக்கு எத்தனை நாள் என்று லேவியராகமம் விரித்துச் சொல்வதைப் படிக்கும்போது, நம் ஊர்க் குருக்களோடு பேசிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுவதுண்டு.

நாவலரின் வாசிப்பு ஒரு போருக்கான ஆயத்தம். 1873 இல் பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் இடையே நடந்த பாணந்துறை விவாதத்தில் பௌத்த துறவி மொகொட்டிவத்தே குணானந்த தேரர் வேதாகமத்திலிருந்தே மேற்கோள்களை எடுத்து வீசியதும் அவ்வகையான வாசிப்பினால்தான். எதிரணியிலும் நிலைமை வேறாக இல்லை. நம் நூல்களைக் கற்ற மிஷனரிமார் பலர் அவற்றை மறுப்பதற்கென்றே கற்றார்கள். அந்தக் காலத்துக்கு அது வேண்டியிருந்தது. நாவலர் படித்திராவிட்டால் இன்று நான் இக்கடிதத்தைச் சைவனாக எழுதிக்கொண்டிருப்பேனா என்பதும் தெரியாது. ஆயினும் மறுக்கப் படிப்பவருக்கு வேண்டியது எதிராளியின் பலவீனம் மட்டுமே. நூலின் பலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க அவருக்கு நேரம் இல்லை.

பழைய ஏற்பாட்டிலுள்ள யோபுவின் நூலை உதாரணமாகச் சொல்லலாம். குற்றமற்ற ஒருவர் செல்வத்தையும் ஏழு ஆண்மக்களையும் மூன்று பெண்மக்களையும் உடல்நலத்தையும் இழக்கிறார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற மூன்று நண்பர்கள் வந்து ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். வாய் திறந்ததும், நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், அதனால்தான் உனக்கு இந்தத் துன்பம் என்று ஒருவர் மாறி ஒருவர் சொல்லத் தொடங்குகிறார்கள். மரண வீட்டில் நம் உறவினர் ஒருவர் 'எல்லாம் செய்த வினை' என்று சொல்லக் கேளாதவர் நம்மில் எவரும் இல்லை. யோபு அதை ஏற்க மறுத்து, கடவுளையே வழக்குக்கு அழைக்கிறார். இறுதியில் பெருங்காற்றின் நடுவிலிருந்து பேசும் கடவுள் யோபுவின் கேள்விக்கு விடை கூறவில்லை. பூமிக்கு அஸ்திபாரம் இட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று திருப்பிக் கேட்கிறார். ஆனால் கடைசி அதிகாரத்தில், என்னைப் பற்றி யோபு பேசியதுபோல் நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று அவர் கடிந்துகொள்வது, தமக்காக வாதாடிய அந்த நண்பர்களையே.

இறைவனே வினைப்பயனை ஊட்டுகிறான் என்ற சித்தாந்தத்தில் வளர்ந்த எனக்கு இந்நூல் ஓர் அறைகூவலாகவே இருக்கிறது. அதனால் சித்தாந்தத்தைக் கைவிட்டேன் என்பதில்லை. துன்பப்படுபவர் முன் அதை எப்போது பேசக் கூடாது என்பதைச் சற்று யோசிக்கலானேன். மறுபுறம், யோபுவுக்கு இழந்த செல்வம் இரட்டிப்பாகத் திரும்பியது, வேறு பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள் என்று நூல் முடிவது எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. முதற் பத்துப் பிள்ளைகளைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தாய்மார் வீதியோரங்களில் அமர்ந்திருக்கும் நாட்டில் இந்த முடிவை நிம்மதியாகப் படிக்க இயலாது. இப்படிச் சொல்ல ஒரு விசுவாசி தயங்கக்கூடும். எனக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை.

நான்கு நற்செய்திகளையும் தனித்தனி நூல்களாக வாசிப்பதிலும் இத்தகைய சுதந்திரம் உண்டு. பெரிய வெள்ளியன்று சிலுவையின் ஏழு வார்த்தைகள் தேவாலயங்களில் தியானிக்கப்படுகின்றன. அந்த ஏழும் எந்த ஒரு நற்செய்தியிலும் முழுமையாக இல்லை. மாற்குவிலும் மத்தேயுவிலும் இயேசு, என் தேவனே ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறுகிறார். வேறு எதையும் அங்கே அவர் சிலுவையிலிருந்து சொல்வதில்லை. லூக்காவில் தம்மைக் கொல்பவர்களை மன்னிக்கும்படி வேண்டி, தம் ஆவியைத் தந்தையின் கைகளில் ஒப்படைக்கிறார். யோவானில் தாயைச் சீடரிடம் ஒப்புவித்து, முடிந்தது என்று அமைதியாகத் தலைசாய்க்கிறார். மாற்குவின் இயேசு தனித்துவிடப்பட்டவர். யோவானின் இயேசு எல்லாவற்றையும் அறிந்து நடத்துபவர். நான்கையும் சேர்த்து ஒன்றாகக் கேட்பது வழிபாட்டுக்குப் பொருந்தும். பிரித்துப் படிப்பவருக்குத்தான் நான்கு ஆசிரியர்களின் நான்கு கைவண்ணமும் தெரியவரும். மாற்குவின் மிகப் பழைய பிரதிகள் சில 16 ஆம் அதிகாரத்தின் 8 ஆம் வசனத்தோடு, கல்லறையைக் கண்ட பெண்கள் அச்சத்தினால் எவரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடினார்கள் என்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன என்பதை அறிந்து படித்தால், அந்த நூலின் துணிவு விளங்கும்.

137 ஆம் சங்கீதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கி.மு. 6 ஆம் நூற்றாண்டில் எருசலேம் வீழ்ந்து பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்டவர்கள், ஆற்றங்கரையில் அமர்ந்து ஊரை நினைத்து அழுகிறார்கள்; அந்நிய நாட்டில் எப்படிப் பாடுவோம் என்று கேட்கிறார்கள். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கொழும்பில் வாடகை வீடுகளில் காலம் கழித்தவர்களுக்கு இதற்குப் பொழிப்புரை வேண்டாம். ஆனால் அதே சங்கீதத்தின் கடைசி வசனம், பாபிலோனின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லில் மோதியடிப்பவன் பாக்கியவான் என்கிறது. முதல் வசனங்களுக்காக நெகிழ்ந்த மனம் இங்கே திடுக்கிட வேண்டும். துயரமும் வெறுப்பும் ஒரே பாட்டில், ஒரே வாயிலிருந்து வருவதை அந்நூல் மறைக்காமல் வைத்திருக்கிறது. அதை நியாயப்படுத்தும் கடமையும் எனக்கில்லை, அதைக் காட்டி முழுநூலையும் தள்ளிவிடும் நோக்கமும் எனக்கில்லை.

கிறிஸ்தவ நண்பர்கள் சிலர் வேறொரு திசையிலிருந்து ஆட்சேபிக்கிறார்கள். நம்பிக்கை இல்லாதவருக்கு இந்நூல் திறவாது என்கிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு. தேவாரத்தை அச்சுப் புத்தகத்தில் மட்டும் படித்தவர், ஓதுவார் பண்ணோடு பாடக் கேட்டவர் அறிவதை அறியமாட்டார். பவுலின் கடிதங்களும் சபையில் உரத்து வாசிக்கப்படுவதற்காக எழுதப்பட்டவையே. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதற் கடிதத்தின் முடிவில் அவரே அப்படிக் கேட்டுக்கொள்கிறார். சபைக்கு வெளியே நிற்பவருக்கு அந்த ஓசை முழுமையாகக் கேட்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் குறைவாக விளங்குவது வேறு, ஒன்றுமே விளங்காதிருப்பது வேறு. அத்துடன், புத்தகம் ஒன்றை இரவல் கேட்ட சைவரிடம் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வரச்சொல்லி உடனே அழைப்பு விடுக்கும் பழக்கத்தைச் சிலராவது விட்டுவிட்டால், தொடக்கத்தில் நான் குறிப்பிட்டது போன்ற கண்டனக் கடிதங்களுக்கான தேவையும் குறையும்.

நம் பாடசாலைகளில் சாதாரண தரம் வரை சமயம் கட்டாய பாடம். சைவப் பிள்ளை சைவநெறியையும் மற்றப் பிள்ளைகள் தத்தம் சமயங்களையும் படிக்கிறார்கள். சமய பாட வேளை வந்ததும் வகுப்பு பிரிந்து வெவ்வேறு அறைகளுக்குப் போகிறது. பதினொரு ஆண்டுகள் பக்கத்து வாங்கில் இருந்த தோழியின் வேதநூலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறியாமலே ஒரு பிள்ளை பாடசாலையை விட்டு வெளியேற முடிகிறது. பாடத்திட்டத்தை மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது நம் நாட்டில் எளிதில் முடிகிற காரியமன்று. பாடசாலை நூலகத்தில் எல்லாச் சமயங்களின் மூல நூல்களும் ஒரே அலுமாரியில், எந்தப் பிள்ளையும் கேள்வியின்றி எடுக்கக்கூடியவாறு இருக்கட்டும் என்பதே என் கோரிக்கை. வாங்கிக் கொடுக்க விரும்புவோர், வேதாகமத்தில் 1995 இல் வெளியான பொது மொழிபெயர்ப்பைத் தெரிவது நன்று. ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரையும் அடிக்குறிப்புகளும் அதில் உண்டு, புதிதாகப் படிப்பவருக்கு அவை மிகவும் உதவும்.

இறுதியாக, தங்கள் பத்திரிகையை வாசிக்கும் இறையியல் அறிந்தவர்களிடம் ஒரு விளக்கத்தை எதிர்பார்க்கிறேன். யோவான் நற்செய்தியின் 9 ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடர் ஒருவரைக் கண்ட சீடர்கள், இவர் இப்படிப் பிறந்தது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். பிறக்கும் முன்பே ஒருவர் பாவம் செய்திருக்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு எப்படி வந்தது என்று நம்மவர்கள் வியப்பது இயல்பு; கருவிலிருக்கும்போதே பாவம் செய்யக்கூடும் என்ற யூத மரபுக் கருத்தொன்றை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். இருவரும் காரணம் அல்லர் என்று இயேசு விடையளிக்கிறார். ஆனால் அதே நற்செய்தியின் 5 ஆம் அதிகாரத்தில், முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றிருந்த ஒருவரைக் குணமாக்கியபின், இதனிலும் கேடானது உனக்கு நேராதபடி இனிப் பாவம் செய்யாதே என்று அவரே எச்சரிக்கிறார். ஓரிடத்தில் பாவத்துக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றும் இன்னோரிடத்தில் தொடர்பு இருக்கலாம் என்றும் தோன்றும் இவ்விரு கூற்றுகளையும் கிறிஸ்தவ மரபு எவ்வாறு இணைத்துப் புரிந்துகொள்கிறது என்பதை எவரேனும் இப்பகுதியில் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
சைவ வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.