நூறு கோடி வரை சிறு தொழிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்ற விதியைப் பாராட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விதிதான். கோவை கணபதியில் இரண்டு லேத், ஒரு மில்லிங் மிஷின், ஏழு ஆட்களோடு பட்டறை நடத்துகிறேன். பம்புக்கான ஷாஃப்ட், ஸ்லீவ், புஷ் செய்கிறோம். ஆறு வருடமாக டெண்டர்களில் விலை போட்டு வருகிறேன். அந்த 25 சதவீதம் யாருக்குப் போகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

2012-ல் இந்த ஆணை வந்தபோது, இயந்திரங்களில் 5 கோடி ரூபாய் வரை முதலீடு போட்டிருந்தால் சிறு தொழில். 25 லட்சம் வரை என்றால் குறுந்தொழில். 2020 ஜூலையில் விற்றுமுதலும், அதாவது ஒரு வருட விற்பனையும், கணக்கில் சேர்ந்தது. சிறு தொழிலுக்கு முதலீடு 10 கோடி, விற்றுமுதல் 50 கோடி என்றார்கள். 2025 ஏப்ரல் முதல் அது 25 கோடி, 100 கோடி. ஏற்றுமதி இந்த விற்றுமுதலில் சேராது என்பது இன்னொரு விஷயம். உள்நாட்டில் 90 கோடிக்கு விற்று, வெளிநாட்டுக்கும் கன்டெய்னர் கன்டெய்னராக அனுப்புகிறவரும், இந்த நிறுவனங்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றிதழில் சிறு தொழில்தான். டெண்டர் ஒதுக்கீட்டில் அவரும் குறுந்தொழிலான நானும் ஒரே வரிசை.

டெண்டர் பழக்கமில்லாத வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு ஷாஃப்டுக்கு இந்தச் சான்றிதழ் இல்லாத ஒரு பெரிய நிறுவனம் 1,000 ரூபாய் போட்டு எல்-1 ஆகிறது, அதாவது எல்லாரையும்விடக் குறைந்த விலை போட்டிருக்கிறது என்று வையுங்கள். நான் போட்டது 1,120. குறைந்த விலையிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருப்பதால் என்னைக் கூப்பிடுவார்கள். ஆயிரத்துக்கு இறங்கி வர ஒப்புக்கொண்டால் ஆர்டரில் 25 சதவீதம் வரை எனக்குக் கிடைக்கும். இறங்குவது கஷ்டம்தான், ஆனாலும் கூப்பிடவாவது செய்வார்கள். அந்த எல்-1 இடத்தில் சிறு தொழில் சான்றிதழ் உள்ளவரே இருந்துவிட்டால் கூப்பிட மாட்டார்கள். சிறு தொழிலுக்கே ஆர்டர் போய்விட்டதே, அப்புறம் யாருக்குச் சலுகை? மொத்தமும் அவருக்கு. பொதுத்துறை நிறுவனத்தின் கணக்கிலும் 25 சதவீத இலக்கு அழகாக நிறைந்துவிடும்.

அவரோடு விலையில் போட்டி போட முடியாதா என்று கேட்கலாம். ஷாஃப்ட் செய்யும் எஸ்.எஸ். 410 என்ற துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை நான் கடையில் அளந்து வெட்டி வாங்குகிறேன். அவர் மில்லிலிருந்து லோடாக இறக்குகிறார். கணினியில் ஓடும் அவருடைய சி.என்.சி. மிஷின் மூன்று ஷிப்ட் ஓடுகிறது. வித்தியாசம் கம்பியிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

போன வருடம் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் டெண்டரில் இப்படித்தான் நடந்தது. நான் இரண்டாவது. முதலில் வந்தவருடைய கேன்டீனில் மதியம் சாப்பிடுகிறவர்களை எண்ணினால், எங்கள் தெருவில் உள்ள எல்லாப் பட்டறை ஆட்களையும்விட அதிகம். ஆறு வாரம் கழித்து அந்த ஸ்லீவ்களில் ஒரு பங்கு ஜாப் ஆர்டராக என்னிடமே வந்தது. மெட்டீரியல் அவருடையது, கூலி மட்டும் எனக்கு. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஏழு பேருக்குச் சனிக்கிழமை சம்பளம் போட வேண்டுமே.

மற்ற சலுகைகளையும் குறை சொல்லவில்லை. டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகை கட்ட வேண்டாம். இதனால்தான் நான் உள்ளேயே வந்தேன். ஆனால் ஆர்டர் கிடைத்த பிறகு கட்டும் செயல்திறன் வைப்புத் தொகைக்கு விலக்கு இல்லை. பேங்க் கேரண்டி கேட்டால் வங்கி எஃப்.டி. கேட்கிறது. அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளத்தில் வரும் டெண்டர்களில் ‘முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனையிலிருந்து குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டா’ என்று ஒரு வரி இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ‘இல்லை’ என்றிருந்தால் அதோடு மூடிவிட வேண்டியதுதான். ஏன் இல்லை என்று எவரும் எழுதுவதில்லை.

பணத்தை 45 நாளில் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்று குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006 சட்டம் சொல்கிறது. எங்கள் தெருவில் வட்டி கேட்டு மனுப் போட்டவர் யாரும் இல்லை. அடுத்த டெண்டருக்கும் அதே அதிகாரியிடம்தானே போய் நிற்க வேண்டும்?

வரம்பை உயர்த்தியதே தப்பு என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் வளர்ந்ததும் கடன் சலுகை போய்விடுமோ என்று பயந்து, வளராமலே இருந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கடனுக்கு ஒரு வரம்பு, டெண்டருக்கு ஒரு வரம்பு என்று வைக்க என்ன தடை? இதே 25 சதவீதத்துக்குள் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 சதவீதமும், பெண்கள் நடத்துபவற்றுக்கு 3 சதவீதமும் தனியாக இருக்கின்றன. அதேபோல் குறுந்தொழிலுக்கும் 10 சதவீதம் பிரித்து வைக்கலாம். எல்-1 ஒரு சிறு தொழிலாக இருந்தாலும், 15 சதவீதத்துக்குள் வந்த குறுந்தொழிலைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். எல்-1 விலைக்கே நாங்கள் செய்து தருவதால் அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு இல்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தக் கொள்முதல் சதவீதத்தை வெளியிடும்போது, அதில் குறுந்தொழிலுக்குப் போனது எவ்வளவு என்று துறையிடம் கேட்டு, அதையும் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.