குதிரைகளுக்காகப் போராடிய பெண்ணும் நம் பிள்ளைகளின் அஞ்சலட்டைகளும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மகளிர் நாளையொட்டி நடந்த காலை வழிபாட்டில் இந்த ஆண்டு வெல்மா ஜான்ஸ்டன் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிப் பேசினேன். பிள்ளைகள் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறார்கள். "நம் நாட்டில் எத்தனையோ பேர் இருக்க, எங்கேயோ வாழ்ந்த ஒரு குதிரைக்கார அம்மா எதற்கு?" என்று உங்களில் சிலர் நேரில் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அடுத்த வாரம் பள்ளியில் செய்யவிருக்கும் ஒரு வேலைக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

வெல்மா 1912 மார்ச் 5 அன்று நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் பிறந்தவர். அவருடைய தகப்பனாருக்குக் குதிரை வண்டிகளில் சரக்கு ஏற்றிச் செல்லும் தொழில். அந்த வண்டிகளை இழுத்தவற்றில் மஸ்டாங் எனப்படும் காட்டுக்குதிரைகளும் உண்டு. தகப்பனார் கைக்குழந்தையாக இருந்தபோது, பாலைவனத்தைக் கடக்கும் வழியில் தாய்க்குப் பால் வற்றிப்போக, ஒரு மஸ்டாங்கின் பாலைக் கொடுத்துத்தான் பிழைக்க வைத்தார்கள் என்று அந்தக் குடும்பத்தில் ஒரு கதை சொல்வார்கள்.

பதினோரு வயதில் வெல்மாவுக்குப் போலியோ வந்தது. உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். கட்டைப் பிரித்தபோது முகம் ஒருபுறம் கோணியிருந்தது, முதுகும் வளைந்திருந்தது. வலி கடைசிவரை கூடவே இருந்தது. அந்த உடம்போடுதான் அவர் குதிரை ஏறினார், படித்தார், ரீனோவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார். சார்லி ஜான்ஸ்டனைத் திருமணம் செய்துகொண்டு சிறு பண்ணை ஒன்றையும் நடத்தினார். சொந்தப் பிள்ளைகள் இல்லை. ஊர்ப்பிள்ளைகள் அந்தப் பண்ணைக்கு வந்து குதிரையேற்றம் பழகினார்கள்.

1950-இல் ஒரு நாள் காலை அவர் காரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். முன்னால் கால்நடை ஏற்றிய லாரி ஒன்று போனது. அதன் அடிப்பகுதியிலிருந்து சாலையில் ரத்தம் சொட்டியது. வெல்மா அலுவலகம் போகும் வழியை விட்டு, அந்த லாரி எங்கே நிற்கிறதோ அங்கேவரை பின்னாலேயே போனார். உள்ளே காட்டுக்குதிரைகள் நெருக்கியடித்து நின்றன. சில குதிரைகளின் உடம்பில் குண்டுக் காயங்கள். ஒரு குட்டி, பெரிய குதிரைகளின் கால்களுக்கு அடியில் மிதிபட்டுக் கிடந்தது.

விசாரித்தபோது விவரம் தெரிந்தது. சிறு விமானங்களைத் தாழப் பறக்கவிட்டு, குதிரைக் கூட்டங்களை மலையிலிருந்து சமவெளிக்கு விரட்டுவார்கள். அங்கே லாரிகளில் காத்திருப்பவர்கள் சுருக்குக் கயிறு வீசுவார்கள். கயிற்றின் மறுமுனையில் கனமான லாரி டயர் கட்டியிருக்கும். அதை இழுத்துக்கொண்டு ஓடி, மேலும் ஓட முடியாமல் விழுகிற குதிரையைக் கட்டி வண்டியில் ஏற்றுவார்கள். எப்படியும் வெட்டுக்குத்தான் போகப்போகிறது என்பதால் தீனியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. செல்லப் பிராணிகளுக்கான உணவு தயாரிக்க அந்த இறைச்சி போனது.

இங்கே ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அந்த லாரிக்குப் பின்னால் வேறு வண்டிகளும் போயிருக்குமே, டீச்சர்?" என்று கேட்டாள். போயிருக்கும். அன்று மட்டுமா, பல ஆண்டுகளாக அந்தச் சாலைகளில் அப்படிப்பட்ட லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. அந்தக் கேள்வியை நான் பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன். வகுப்புகளில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

வெல்மாவிடம் பணபலமோ ஆள்பலமோ இல்லை. தட்டச்சு தெரியும், ஒரு விஷயத்தைத் தேதியும் ஆதாரமுமாகக் கோவையாக எழுதத் தெரியும். பகலில் அலுவலகம், மற்ற நேரமெல்லாம் கடிதங்கள். புகைப்படங்கள் சேர்த்தார், பத்திரிகைகளுக்கு எழுதினார், கூட்டங்களில் பேசினார். 1952-இல் அவர் வாழ்ந்த ஸ்டோரி கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) விமானம் கொண்டு குதிரை பிடிக்கத் தடை வந்தது. 1955-இல் நெவாடா மாநிலமே சட்டம் இயற்றியது. ஆனால் அந்த மாநிலத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் நிலம். மாநிலச் சட்டம் அங்கே செல்லாது. அதனால் வாஷிங்டன்வரை போனார். 1959 ஜூலையில் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் சொன்னார். அந்த ஆண்டு செப்டம்பர் 8 அன்று அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம், பொது நிலங்களில் விமானத்தையோ மோட்டார் வண்டியையோ கொண்டு காட்டுக்குதிரைகளை வேட்டையாடுவதையும், அவற்றைப் பிடிப்பதற்காக நீர்நிலைகளைக் கெடுப்பதையும் குற்றமாக்கியது.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. மேய்ச்சல் நிலத்தை நம்பி மாடு வளர்ப்பவர்களுக்குக் குதிரைகள் போட்டி. அவர்கள் கவலையிலும் உண்மை இருந்தது என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. வெல்மாவும் அதை மறுத்தவர் இல்லை. குதிரைகளின் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும், ஆனால் வதைக்கக் கூடாது என்பதே அவர் பேச்சு. கொலை மிரட்டல்கள்கூட வந்தன. 'காட்டுக்குதிரை ஆனி' என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரையே எடுத்து வைத்துக்கொண்டார். அந்தச் சட்டத்தை இன்றும் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள்.

1964-இல் சார்லி இறந்தார். வெல்மா நிறுத்தவில்லை. துரத்தத் தடை இருந்ததே தவிர, குதிரைகளுக்கு முழுப் பாதுகாப்பு இன்னும் கிடைக்கவில்லை. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் வருகிறார்கள். நாடெங்கும் பள்ளி மாணவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஓரிகன் மாநிலத்தின் ரோஸ்பர்க் ஊரில் ஓர் ஆசிரியையும் அவருடைய நான்காம் வகுப்பு மாணவர்களும் இதில் முன்னால் நின்றார்கள். வந்து குவிந்த கடிதங்களில் வியட்நாம் போருக்கு அடுத்தபடி குதிரைகளைப் பற்றியவைதான் அதிகம் என்று சொல்வார்கள். பலவும் பென்சிலால் எழுதியவை. பத்திரிகைகள் இதைப் 'பென்சில் போர்' என்றன. 1971-இல் இரு அவைகளிலும் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்காமல் காட்டுக்குதிரைகளுக்குப் பாதுகாப்புத் தரும் மசோதா நிறைவேறி, டிசம்பர் 15 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்தோடு சட்டமானது.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 1976-இல் குதிரைகளைச் சேர்த்துப் பிடிக்க அரசு ஹெலிகாப்டரைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. எத்தனை குதிரைகள் இருக்கலாம் என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. வெல்மா 1977 ஜூன் 27 அன்று புற்றுநோயால் காலமானார். அப்போது வயது 65.

நம் பிள்ளைகளில் பலர் குதிரையை நேரில் பார்த்ததே திருவிழாவில்தான். இருந்தும் வழிபாட்டுத் திடலில் அன்று ஒரு சலசலப்பும் இல்லை. உடல் குறைபாட்டுக்காகத் தங்களைக் கேலி செய்கிறார்கள் என்று முன்பு என்னிடம் அழுத பிள்ளைகளும் அந்த வரிசைகளில் நின்றார்கள். அவர்கள் இந்தப் பெண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பினேன். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

இனி அந்த வேலை. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் வரும் வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுவார்கள். தெருவிலோ பள்ளிக்கு வரும் வழியிலோ கண்ணால் பார்த்து மனம் பொறுக்காத ஒன்றை, அதற்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு எழுத வேண்டும். தெருக்குழாய் அருகே தேங்கும் சாக்கடையாக இருக்கலாம், கழுத்துப் புண்ணோடு வண்டி இழுக்கும் மாடாக இருக்கலாம். எதை எழுதுவது என்று தயவுசெய்து நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். எழுத்துப்பிழைகளை வகுப்பாசிரியர் மட்டும் திருத்துவார். வாக்கியத்தை நாங்களும் மாற்ற மாட்டோம். "இதையெல்லாம் எழுதினால் வம்பு வரும்" என்று வீட்டில் பயமுறுத்தவும் வேண்டாம். அட்டைகள் பள்ளி முத்திரையோடு என் கையெழுத்தையும் தாங்கியே போகும். யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

அஞ்சலட்டைகளைப் பள்ளியே வாங்கிவிட்டது, காசு கொடுத்தனுப்ப வேண்டாம். வியாழக்கிழமை மாலைக்குள், யாருக்கு எழுதப்போகிறார்கள் என்பதை மட்டும் பிள்ளைகள் முடிவுசெய்து வரட்டும். முகவரி தெரியாவிட்டால் அலுவலக அறையில் தேடிக் கொடுப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்