மாடல் பெயரின் வாலை வெட்டாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ஐம்பதாயிரத்துக்குள் நாமே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். ஐ5 பிராசசர், பி660 மதர்போர்டு, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. ஏறக்குறைய இதே பட்டியலை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போய் வாங்கி, வீட்டில் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

மகள் கல்லூரியில் சேர்ந்த சமயம். காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய், விலை கொஞ்சம் குறையட்டும் என்று ஒரு கடையில் போர்டும் பிராசசரும், இன்னொரு கடையில் ராமும் வாங்கி வந்தேன். மறுநாள் கூடத்தில் பழைய பேப்பரை விரித்து (உங்கள் பேப்பர்தான்) எல்லாவற்றையும் பரப்பி உட்கார்ந்தோம். ராம் போய் உட்காரவே இல்லை. இரண்டு பக்கமும் கட்டை விரலால் அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும், யூடியூபில் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகிறது. எங்களுக்கு ஒரு முனை மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் பலமாக அமுக்கப் போனவனை மகள்தான் தடுத்தாள். டார்ச் அடித்துப் பார்த்தால், ராமின் அடியில் இருக்கும் வெட்டும் துளைக்குள் இருக்கும் மேடும் ஒரே இடத்தில் இல்லை, மயிரிழை தள்ளி இருக்கின்றன. ராமில் டிடிஆர்4, டிடிஆர்5 என்று இரண்டு வகை: இரண்டுக்கும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான், அந்த வெட்டின் இடம்தான் வேறு. என் போர்டு டிடிஆர்4, வாங்கி வந்த ராம் டிடிஆர்5. பெட்டியில் மாடல் பெயரின் கடைசியில் 'டி4' என்று போட்டே இருந்தது. என் துண்டுச் சீட்டில்தான் அது இல்லை.

சரி, மறுபடி சென்னை, மறுபடி ரயில். ராமை மாற்றித் தந்தார்கள், சில நூறு போனது. வந்து மாட்டி சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. கேபிளை மாற்றினோம், பக்கத்து வீட்டு மானிட்டரைக் கடன் வாங்கினோம், ராமைக் கழற்றிக் கழற்றி மாட்டினோம். மூன்றாம் நாள்தான் பிராசசர் பெட்டி கண்ணில் பட்டது: ஐ5-12400எஃப். இன்டெல் பிராசசரில் அந்த எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது என்று பொருள், தனியாக டிஸ்ப்ளே கார்டு போட்டே ஆக வேண்டும். போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே என்று நம்பிவிட்டேன், ஆனால் அந்தத் துளைக்குப் படம் பிராசசரிலிருந்துதான் வர வேண்டும். கடைக்குப் போன் போட்டால், "சார், எஃப்னா கார்டு போடணும், உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்கிறார். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாதாம். மூடப்போகும் ஒரு பிரவுசிங் சென்டரில் பழைய கார்டு ஒன்று வாங்கித்தான் அப்புறம் படத்தைப் பார்த்தோம்.

இந்த வால் எழுத்து இன்டெல்லோடு நிற்பதில்லை. ஏஎம்டியில் ரைசன் 5 5600 வாங்கினால் கார்டு வேண்டும், 5600ஜி வாங்கினால் வேண்டாம். போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டும் அப்படித்தான். ஏஎம்4 சாக்கெட்டுக்கு டிடிஆர்4, 2022-ல் வந்த ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டும். இன்டெல்லின் 1700 சாக்கெட்டில் 12, 13, 14 மூன்று தலைமுறையும் உட்காரும், ஆனால் 12-ஆம் தலைமுறையோடு வந்த பி660 மாதிரி போர்டில் 13, 14 போட வேண்டுமென்றால் போர்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருளை அப்டேட் செய்திருக்க வேண்டும். இதைவிட மோசம் இன்டெல்லின் பழைய 1151 சாக்கெட். பெயரும் பின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கும், 2017-ல் வந்த 8-ஆம் தலைமுறை பிராசசர் பழைய 6, 7-ஆம் தலைமுறை போர்டில் போய் உட்காரவும் செய்யும், ஆனால் ஓடாது. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் இதில் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். அதே போல 'ஐ7 கம்ப்யூட்டர், அடிமாட்டு விலை' என்று வரும் விளம்பரங்கள். ஐ7-2600 வந்தது 2011-ல், அதுவும் ஐ7தான். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்பது 8-ஆம் தலைமுறையிலிருந்து, விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஐ7-க்குப் பின்னால் இருக்கும் எண்ணைச் சொல்லாத விளம்பரத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் வால் எழுத்தும் கைகொடுக்காது, கேபிளைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பிராசசருக்குப் போகும் 8 பின்னும் டிஸ்ப்ளே கார்டுக்குப் போகும் 8 பின்னும் வேறு வேறு. முதலாவது 4+4 என்று பிரியும், இரண்டாவது 6+2. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடல் என்றால் ஒரு கம்பெனி கேபிளை இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் தயவுசெய்து மாட்டாதீர்கள். முனை சரியாகப் பொருந்தும், உள்ளே வயர் வரிசை மாறியிருந்தால் ஹார்ட் டிஸ்க் போய்விடும்.

கடைக்காரர்கள் கொட்டேஷனில் முழு மாடல் பெயரை எழுதித் தர வேண்டும் என்று நாம் கேட்கலாம், நான் இப்போது கேட்கிறேன், முணுமுணுத்துக்கொண்டே தருகிறார்கள். ஆனால் லட்சம் பேர் படிக்கும் பத்திரிகையே 'ஐ5, 16 ஜிபி' என்று எழுதினால் அவர்களை என்ன சொல்வது?

உங்கள் பட்டியலைத் திருத்திப் போடுவதாக இருந்தால் இப்படிப் போடுங்கள்: ஐ5-12400, எஃப் இல்லாதது. பி660 போர்டில் டிடிஆர்4 மாடல். ராம் டிடிஆர்4, வேகம் 3200, ஒரே 16-ஆக வேண்டாம், 8 ஜிபி இரண்டு. நான்கு துளை உள்ள போர்டு என்றால் பெரும்பாலும் பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2-லும் 4-லும் மாட்ட வேண்டும். எஸ்எஸ்டி எம்.2 என்விஎம்இ (கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் வகை). விலையை மட்டும் மறுபடி விசாரித்துவிடுங்கள், ராம் இப்போது விற்கிற விலைக்கு ஐம்பதாயிரத்தில் அடங்காது என்றுதான் நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி