அக்டோபர் வேலை: பட்டத் தர இடைவெளிக் கணக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். பிரிட்டனில் 1987 முதல் அக்டோபர் மாதம் கறுப்பின வரலாற்று மாதம். நம் பல்கலைக்கழகத்தில் கண்காட்சியோடு நிறுத்திவிடாமல், துறைவாரியாகப் பட்டத் தர இடைவெளியையும், அதாவது உயர்ந்த தரத்தில் பட்டம் பெறுவதில் வெள்ளையின, கறுப்பின மாணவரிடையே உள்ள வித்தியாசத்தையும், கணக்கெடுப்போம்.

பட்டத்தின் மேல் இரண்டு தரங்களான முதல் வகுப்போ மேல் இரண்டாம் வகுப்போ பெற்ற வெள்ளையின மாணவர் சதவீதத்திலிருந்து கறுப்பின மாணவர் சதவீதத்தைக் கழியுங்கள். சிறுபான்மையினர் எல்லாரையும் ஒரே கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். இந்திய, சீன வம்சாவளி மாணவர்களின் தேர்ச்சி சராசரியைத் தூக்கிவிடும், ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளியினருக்கான இடைவெளி கண்ணில் படாமலே போகும். ஆள் குறைவான துறை என்றால் மூன்றாண்டுத் தரவைச் சேருங்கள். இல்லையேல் ஒருவரின் முடிவிலேயே சதவீதம் எகிறும்.

மதிப்பெண்ணில் பாரபட்சம் புகாமலிருக்க விடைத்தாளில் மாணவர் பெயரை மறைக்கலாம். ஆய்வேட்டிலும் வாய்மொழித் தேர்விலும் அது முடியாது; அங்கே இரண்டாவது மதிப்பீட்டாளர் கட்டாயம்.

இந்த வேலை பெரும்பாலும் கறுப்பினச் சக ஊழியர்கள் தலையில்தான் விழுகிறது. அவர்களின் பணிநேரக் கணக்கில் சேர்க்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள்.