நேட்டாலில் கிடைத்த தாள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மருமகளும் பாப்பாவும் நலம். பாப்பா இப்போது முழு வாக்கியமாகப் பேசுகிறாள். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

கொள்ளுத்தாத்தா என்ன ஆனார் என்பது ஒருவழியாகத் தெரிந்துவிட்டது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் காலம் தள்ளியவனுக்குப் பழைய தாளைப் படிப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் இது வேறு மாதிரி. 1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்கள் 1,52,184 பேர். அத்தனை பேரையும் வெள்ளைக்காரன் பதிவேட்டில் ஏற்றி வைத்திருக்கிறான். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் உண்டு. பெயரை நம்பித் தேடினால் ஒன்றும் கிடைக்காது, குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருப்பான். எண்ணைப் பிடித்துவிட்டால் அப்புறம் ஆளை விடாமல் தொடரலாம்.

வட ஆற்காடு ஜில்லா, நம் ஊர், அவர் அப்பா பெயர், இடது புருவத்துத் தழும்பு. எல்லாம் சரியாக இருந்தது. 1899-இல் போயிருக்கிறார், வயது 24. தாத்தாவுக்கு அப்போது இரண்டு வயது.

முதலில் மவுண்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டம், ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். 1895-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குத் திரும்பு, இல்லை மறுபடி ஒப்பந்தத்தில் சேர், இரண்டும் மாட்டேன் என்றால் வருடத்துக்கு மூன்று பவுன் வரி கட்டு. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங், அவருடைய ஆரம்பச் சம்பளத்தில் ஆறு மாதக் காசு. திரும்பி வருவதற்குக் கப்பல் செலவு சர்க்கார் கொடுக்கும். அப்படியும் அவர் வரவில்லை. நேட்டாலிலேயே டண்டீ நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டார்.

1913-இல் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது அங்கேதான் இருந்திருக்கிறார். அந்த வருடம் மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் சியர்ல் என்ற நீதிபதி, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத கல்யாணம் செல்லாது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டுப் பெண்களும் காந்தி நடத்திய போராட்டத்தில் இறங்கினார்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நம் தமிழ்ப் பெண்கள் நேட்டாலில் உள்ள நியூகாசில் வரை போய்ச் சுரங்கத் தொழிலாளிகளிடம் வேலையை நிறுத்தச் சொன்னார்கள். அடுத்த வருடமே மூன்று பவுன் வரி ஒழிந்தது. அந்தக் கூட்டத்தில் நம் ஆளும் நின்றிருப்பார் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் அதற்கு முன்பே, 1907-இல், அங்கே அவருக்குக் கல்யாணம் பதிவாகியிருக்கிறது. அந்தம்மாளும் கப்பலில் வந்தவள்தான், செங்கல்பட்டு ஜில்லா. ஐந்து பிள்ளைகள். பிறகு டர்பனுக்குக் குடி பெயர்ந்து காய்கறி விற்றிருக்கிறார்.

1931-இல் இறந்தார். அங்கே ஒருவர் இறந்தால் மரண அறிவிப்பு என்று ஒரு படிவம் எழுத வேண்டும், நம் வாரிசுச் சான்றிதழ் மாதிரி. பிறந்த ஊர், தாய் தகப்பன், மனைவி, பிள்ளைகள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பிள்ளைகள் கட்டத்தில் ஐந்து பெயர். நம் தாத்தா பெயர் இல்லை. மனைவி கட்டத்தில் ஒரே பெயர். அவர் இங்கே விட்டுப் போன மனைவி, நம் பெரிய ஆயா பெயர் இல்லை. தம்பி, பெரிய ஆயா 1944 வரை பூவும் பொட்டுமாக இருந்தவள். பதிமூன்று வருடம் தெரியாமலே இருந்திருக்கிறாள். அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. 1914-இல் வந்த சட்டம் ஒருவருக்கு ஒரு மனைவியைத்தான் ஏற்றுக்கொண்டது, அதற்குப் பயந்து மறைத்திருக்கலாம். ஆரம்பத்தில் சொல்லக் கூச்சப்பட்டு, நாளாக நாளாகச் சொல்லவே முடியாமல் போயிருக்கலாம். மனிதனுக்கு அப்படி நடக்கும். ஆனால் எதுவாக இருந்தாலும் ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்தப் பெண் அழுதிருப்பாள், அப்புறம் எழுந்து தன் வழியைப் பார்த்திருப்பாள்.

நீ அனுப்பும் பணம் ஒன்றாம் தேதியே வந்துவிடுகிறது, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். யார் தயவும் இல்லாமல் டொரண்டோவில் உன் காலில் நிற்கிறாய், ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் விசா எந்த நிலையில் இருக்கிறது என்று மருமகள் கேட்டால் "பார்க்கலாம்" என்கிறாயாம். போன மாதம் அதுவும் இல்லை. அவள் எங்களிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவள் எதுவும் கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அங்கே உனக்கு என்ன நிலைமையோ எனக்குத் தெரியாது. வேலை போயிருந்தாலும் சரி, கடன் இருந்தாலும் சரி, வேறு எதுவாக இருந்தாலும் சரி, சொல்லிவிடு. தள்ளிப் போடாதே. நான் கத்த மாட்டேன், அம்மாவையும் நான் பார்த்துக்கொள்கிறேன். சொல்லிவிடு.

அந்த ஐந்து பேரில் ஒருவருடைய பேத்தி டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார். அவர்களுக்கு எழுதப் போகிறேன். பெரிய ஆயாவைப் பற்றியும் எழுதுவேன், மறைக்க மாட்டேன்.

பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கை நடக்கிறது. விண்ணப்பத்தில் தகப்பன் கையெழுத்து வேண்டுமாம், இதோடு அனுப்பியிருக்கிறேன். 20-ஆம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பு. எனக்கு அனுப்ப வேண்டாம், மருமகளுக்கே அனுப்பு. அனுப்பிவிட்டு அவளுக்குப் போன் பண்ணு.

இப்படிக்கு,
அப்பா